இடப்பக்கக் கள்ளன் கேட்ட செபம்

ஆண்டவரின் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என்னைத் தெரிந்தவர்கள் என் பெயரைப் பார்த்ததுமே சிரித்திருப்பீர்கள். நிக்சன் சாட்சி எழுதுகிறானாம், கடைசியில் ஏதோ பகிடி விடப்போகிறான் என்று நினைப்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த நினைப்பினால் ஒரு மனிதர் என் கண்ணுக்கு முன்னால் சாகப் பார்த்தார். அதனால் இந்த ஒருமுறை என்னை நம்பி வாசியுங்கள்.

போன வருசம் குருத்து ஞாயிறு பின்னேரம், லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் பங்குக் கோவில் மண்டபத்து மேடையில் மூன்று சிலுவைகள் நின்றன. இடப்பக்கச் சிலுவையில் என்னைக் கட்டியிருந்தார்கள். நடுச் சிலுவையில் பற்றிக் அண்ணை இருந்தார். அவர் செத்துக்கொண்டிருந்தார். மண்டபம் நிறைந்த சனம் அதைப் பார்த்து அழுதது. எல்லோரும் அதை நடிப்பு என்று நினைத்தார்கள். நடிப்பு இல்லையென்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நான் சொன்னால் நம்ப அங்கே ஒருவரும் இல்லை.

பற்றிக் அண்ணை யார் என்று முதலில் சொல்லவேண்டும். நான் மன்னாரில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லண்டனுக்கு வந்த புதிதில் எனக்கு ஆங்கிலமும் இல்லை, இருக்க இடமும் இல்லை. அவர் ஊரில் எங்கள் பங்கைச் சேர்ந்தவர் என்பதைத் தவிர வேறு சொந்தம் கிடையாது. தன்னுடைய வீட்டில் ஒரு சின்ன அறையைத் தந்தார். தான் வேலை செய்கிற மரக்கறி வெயார்ஹவுசிலேயே எனக்கும் வேலை எடுத்துத் தந்தார். அவருடைய மனைவி மெற்றில்டா அக்கா இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறவர். அவர்களுக்கு நான் கொடுத்தது நக்கல் மட்டும்தான். பற்றிக் அண்ணை சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தால், அவர் மற்றச் சப்பாத்தைத் தேடுவதற்குள் நான் ஒளித்துவிடுவேன். அவர் கோபிக்கவே மாட்டார். "உனக்கு ஆண்டவர் தனியா ஒரு தீர்ப்பு வச்சிருக்கிறார், பொறு" என்பார்.

மன்னார்ப் பக்கத்துச் சனத்துக்குத் தவக்காலம் என்றால் பாஸ்கு. ஆண்டவரின் பாடுகளை மேடையில் நடித்துக் காட்டுவது. கடல் தாண்டி வந்தும் நாங்கள் அதை விடவில்லை. எங்களுக்குப் பாஸ்கு பழக்குகிறவர் சவிரிமுத்து அண்ணாவியார். ஊரில் அவருடைய தகப்பனும் அதே வேலைதான். அவருடைய சட்டங்கள் ஊரில் இருந்தபடியே லண்டனிலும் இருந்தன. அதில் ஒன்று, ஆண்டவர் வேடம் போடுகிறவர் மேடை ஏறும் நாள் முழுக்க ஒருசந்தி. வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது. இன்னொன்று, ஆண்டவரின் இரண்டு பக்கமும் சிலுவையில் தொங்கும் கள்ளர் இருவரையும் உண்மையான கயிற்றால்தான் கட்டவேண்டும்.

என்னை ஏன் இடப்பக்கக் கள்ளனாகப் போட்டார் என்று கேட்கத் தேவையில்லை. ஆண்டவரை நக்கல் அடிக்கிறவன் அவன்தானே. "உனக்கு நடிப்புப் பழக்கத் தேவையில்லையடா, வாயைத் திறந்தாப் போதும்" என்றார் அண்ணாவியார். எனக்கும் பெருமைதான்.

ஒத்திகையில் நான் செய்த கூத்துக்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒருநாள் சிலுவையில் தொங்கிக்கொண்டே கயிற்றை மெல்லக் கழற்றி ஃபோன் பார்த்தேன். அதன்பிறகு அண்ணாவியார் தானே ஏணியில் ஏறி எனக்கு முடிச்சுப் போடத் தொடங்கினார். வள்ளம் கட்டுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். இன்னொரு நாள் சிலுவையிலே மயங்கினமாதிரித் தலையைத் தொங்கப் போட்டேன். அண்ணாவியார் பதறித் தண்ணீரோடு ஓடிவந்தார். கிட்டே வந்ததும் கண்ணைத் திறந்து, "தண்ணியோ, வேற ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பாஸ்கு நாளன்று வேடம் போடுகிற அறையில் நான் மீன் ரோல்ஸ் ஒன்றைக் கடித்தபடி பற்றிக் அண்ணைக்கு முன்னால் போய் நின்றேன். அவருக்குத் தாடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆண்டவரே, ஒரு கடி கடிக்கிறீரோ? பிதாவுக்குச் சொல்லமாட்டன்."

"போடா பிசாசே. அவர் நாப்பது நாள் பட்டினி கிடந்தவர். நான் ஒரு நாள் கிடக்கமாட்டனே?"

"அவருக்குச் சீனி வருத்தம் இல்லையண்ணை."

"அதுக்குத்தானே காலமை ஊசி போட்டனான். அக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தது."

நான் சிரித்துக்கொண்டு மற்றப் பாதியையும் சாப்பிட்டேன். நான் சொன்னது பகிடிதான். அந்தப் பகிடிக்குள்ளே ஒரு மனிதரின் உயிர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கிக்கொண்டே போகும். இன்று இது எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் டொக்டர் சொல்லித்தான் இருந்தார். ஆனால் மனைவிக்குச் செய்த சத்தியம் ஒரு பக்கம், ஆண்டவருக்குச் செய்த ஒருசந்தி மறுபக்கம். நல்ல மனிதர். இரண்டையும் காப்பாற்றினார்.

பாஸ்கு தொடங்கியது. சிலுவை சுமந்து வரும்போதே அவர் தள்ளாடினார். வியர்வை ஒட்டுத்தாடியால் வழிந்தது. முன்வரிசையில் இருந்த பெண்கள் தேம்பி அழுதார்கள். "எப்பிடி நடிக்கிறார் பாருங்கோ" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எங்களைச் சிலுவையில் ஏற்றினார்கள். என்னையும் வலப்பக்கக் கள்ளனாக வந்த யூட்டையும் கயிற்றால் கட்டினார்கள். பற்றிக் அண்ணைக்கு ஆணி அடிப்பதுபோல் சத்தம் மட்டும். அவரை நிறுத்திப் பிடிப்பதற்கு இடுப்புத் துணிக்குள்ளே ஒரு தோல் பெல்ட் இருந்தது. அது பின்னால் சிலுவையோடு கொளுவியிருந்தது. கைகளும் துணிவளையத்துக்குள் மாட்டியிருந்தன. அவர் மயங்கினாலும் விழமாட்டார். அதுதான் பெரிய மோசமாய்ப் போனது.

ஆண்டவரின் பாடுகளைச் சொல்லி அழும் வியாகுலப் பாட்டுத் தொடங்கியது. அது நீளமான பாட்டு. அது முடிந்தபிறகுதான் என் வசனம். நான் சும்மா பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவரைச் சிரிக்கவைக்கலாமா என்று பார்க்கத்தான் திரும்பினேன்.

பற்றிக் அண்ணையின் தலை என் பக்கம் சரிந்து, கண் பாதி திறந்திருந்தது. கறுப்பு முழி தெரியவில்லை. உதடு வெளிறி ஒரு பக்கம் கோணியிருந்தது. வாயிலிருந்து எச்சில் வடிந்தது. முழங்கால் இரண்டும் மடிந்து, உடம்பு முழுவதும் அந்தப் பெல்ட்டில் தொங்கியது.

"அண்ணை," என்றேன். "பற்றிக் அண்ணை."

அசைவில்லை. நான் கத்தினேன்.

"அண்ணை மயங்கீட்டார். ஆராவது வாங்கோ. உண்மையாச் சொல்லுறன்."

பாட்டும் மிருதங்கமும் பெரிய சத்தமாக இருந்தன. கீழே ஈட்டியோடு நின்ற சேவகன் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினான். அவன் சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து யூட் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

"டேய் நிக்சன், இண்டைக்காவது சும்மா இரடா. சனம் அழுகுது."

"யூட், என்ர அம்மாவாணை. அண்ணையைப் பார்."

"போன கிழமையும் அம்மாவாணைதானே சொன்னனி?"

போன கிழமையும் சொன்னேன்தான்.

கயிற்றை இழுத்தேன். வள்ளம் கட்டுகிற முடிச்சு. இன்னும் இறுகியது. முன்வரிசையில் ஒரு அன்ரி நான் துடிப்பதைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டினார். கள்ளன் வேதனைப்படுகிறான் என்று நினைத்திருப்பார்.

சகோதரங்களே, அந்த நேரத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. ஆண்டவரின் தீர்ப்பு என்றால் எங்கோ கடைசி நாளில், மேகத்தில், எக்காளத்தோடு வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நான் ஆடிய கூத்துக்களே கயிறாக வந்து என்னைக் கட்டியிருந்தன. என் வாயே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியது. கத்தலாம், அழலாம், சத்தியம் பண்ணலாம். ஒருவரும் நம்பமாட்டார்கள். எனக்குக் குரல் இருந்தும் நான் ஊமை. எனக்குச் சோறு தந்த மனிதர் என் கையெட்டும் தூரத்தில் செத்துக்கொண்டிருந்தார். என் கையோ எட்டாது. இதற்குமேல் ஒரு தீர்ப்பு என்ன இருக்கிறது?

நான் அழத் தொடங்கினேன். அவருக்குப் பின்னால், மேடைக்கு மேலே, நீலத் துணியில் கீறிய வானம் தொங்கியது. அதைப் பார்த்து மனதுக்குள், "நீர் இருக்கிறீர் என்றால் இப்போது வாரும்" என்றேன். அதுவரை நான் கோவிலுக்குப் போயிருக்கிறேன், பூசை கண்டிருக்கிறேன். செபித்தது அன்றைக்குத்தான்.

பாட்டு முடிந்தது. மிருதங்கம் நின்றது. மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. எல்லோரும் இடப்பக்கக் கள்ளனின் நக்கலுக்காகக் காத்திருந்தார்கள். நீ கடவுளின் மகன் என்றால் இறங்கி வா பார்ப்போம் என்பதுதான் என் வசனம்.

அந்த அமைதியில், அண்ணை மயங்கீட்டார் என்று கத்தத்தான் நான் வாயைத் திறந்தேன். ஆண்டவர் அறிய, நான் நினைத்தது அதுதான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஆண்டவரே, உம்முடைய அரசுக்கு நீர் போகும் வேளையில், இந்தப் பாவியையும் நினையும்."

அது யூட்டினுடைய வசனம். வலப்பக்கக் கள்ளன் மனம் திரும்பிக் கேட்கிற வசனம். ஒத்திகையில் எத்தனையோ நாள் கேட்டது. எனக்கு வேறு செபம் தெரியாது என்பதால் அதுதான் வந்ததோ என்னவோ. சொல்லிவிட்டு நான் விக்கி விக்கி அழுதேன்.

யூட் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். அடுத்ததாக அவன் சொல்ல ஒன்றும் இல்லை. சேவகர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். சனம் குழம்பியது. இடப்பக்கக் கள்ளன் மனம் திரும்பியதாக அந்தச் சனம் ஒருநாளும் கேட்டதில்லை.

"திரையைப் போடு," என்று பக்கவாட்டிலிருந்து அண்ணாவியாரின் குரல் வந்தது. "திரையைப் போடடா."

தன் வாழ்நாளில் அவர் பாஸ்குவை நடுவில் நிறுத்தியதில்லை. மழை பெய்தபோதும் நிறுத்தவில்லை, சண்டைக்காலத்தில் செல் குண்டு விழுந்தபோதும் நிறுத்தவில்லை என்று பெருமையாகச் சொல்வார். ஆனால் கெட்டுப்போகவேண்டிய கள்ளன் மீட்படைந்தால் அவருக்குக் கதையே தலைகீழ். அதை அவரால் பொறுக்க முடியவில்லை. திரை விழுந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு எனக்கு அடிக்கத்தான் வந்தார்.

"அண்ணாவியார், எனக்கு அடியுங்கோ. அடிக்க முதல் பற்றிக் அண்ணையைப் பாருங்கோ."

அவர் பார்த்தார். கையிலிருந்த ஏணி விழுந்தது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பெல்ட்டைக் கழற்றி அண்ணையை இறக்கினார்கள். சனத்துக்குள் இருந்த ஒரு நர்ஸ் அக்கா மேடைக்கு ஓடி வந்தார். யாரோ சோடாவை அண்ணையின் வாயில் ஊற்றப் போக, அந்த அக்கா தட்டிவிட்டார். "மயங்கின ஆளுக்கு ஒண்டும் பருக்கக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்" என்று சொல்லி அண்ணையை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். அம்புலன்சுக்காரர் வந்து விரலில் குத்திப் பார்த்தார்கள். மெஷினில் இலக்கமே வரவில்லை. மிகக் குறைவு என்று மட்டும் காட்டியது. ஊசி போட்டார்கள். குளுக்கோஸ் சேலைன் போட்டார்கள். அண்ணை கண் திறக்கவில்லை.

என்னைச் சிலுவையிலிருந்து இறக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். யூட் தன் கட்டை அவிழ்ப்பித்துக்கொண்டு வந்து என் கட்டைக் கத்தியால் அறுத்தான்.

ஆஸ்பத்திரிக்கு நான் கள்ளன் வேடத்தோடே போனேன். மெற்றில்டா அக்கா அங்கே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அவரிட்ட ஊசி போட்டனீங்களோ எண்டுதான் கேட்டனான், நிக்சன். சாப்பிட்டனீங்களோ எண்டு கேக்கேல்ல. உடுப்பு அயன் பண்ணவேணும் எண்டு வெள்ளனவே மண்டபத்துக்கு வந்திட்டன்."

"நீங்கள் என்னக்கா செய்யிறது."

"கடவுள் தண்டிச்சுப்போட்டாரோ?"

எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பகிடி இருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு டொக்டர் வந்தார். சீனி இப்போது ஏறிவிட்டது, ஆனால் கனநேரம் குறைவாக இருந்ததால் மூளைக்கு என்ன ஆனது என்று ஆள் எழும்பினால்தான் சொல்லலாம் என்றார். எழும்பினால் என்று அவர் சொன்னதை நான்தான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். எழும்பும்போது என்று மாற்றிச் சொன்னேன்.

அங்கே ஒரு மூலையில் நின்று இரண்டாம் தரம் செபித்தேன். இந்தத் தரம் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, நீர் நீதிபதி. நீர் எடுத்தால் ஏன் எடுத்தீர் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் என்னைக் கட்டிவைத்த உம்முடைய கைதான் அந்த வசனத்தையும் என் வாயில் வைத்தது. தொடங்கியதை முடியும்." அவ்வளவுதான். முடியாது என்று அவர் சொல்லியிருந்தால் நான் என்னவாகியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அந்த அதிகாரம் அவருடையது என்று மட்டும் அன்றைக்கு முழுமனதோடு ஒத்துக்கொண்டேன்.

அங்கே மண்டபத்தில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லையாம். மூடிய திரைக்கு முன்னால் முழங்காலில் நின்று செபமாலை சொன்னார்களாம். அண்ணாவியார்தான் தொடங்கினாராம். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இருட்டுப்படுவதற்கு முன்பே உள்ளே கூப்பிட்டார்கள். பற்றிக் அண்ணை கண்ணைத் திறந்திருந்தார். தாடி ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தது. மெற்றில்டா அக்காவைப் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு அண்ணை என்னைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"என்னடா, இன்னும் உடுப்பு மாத்தேல்லையோ? நர்ஸ்மார் பயப்பிடப்போகினம்."

அவருக்கு மூளை நல்லாயிருக்கிறது என்று டொக்டருக்கு முதலே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தப் பெல்ட்டில் இன்னும் கொஞ்சநேரம் தொங்கியிருந்தால் ஆள் தப்பியிருக்கமாட்டார் என்று டொக்டர் சொன்னார். என் வசனம் முடிந்து, யூட்டின் வசனம் முடிந்து, அண்ணை மறுமொழி சொல்லாமல் இருக்கிறாரே என்று அவர்கள் யோசிக்கும்வரை பொறுத்திருந்தாலே எல்லாம் முடிந்திருக்கும்.

வேலைத்தலத்தில் சிலர் இதைத் தற்செயல் என்கிறார்கள். பயத்தில் வாய் தடுமாறிவிட்டது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தடுமாறுகிற வாய்க்கு ஆயிரம் வசனம் இருக்கிறதே. நம்பிக்கை கெட்ட என் வாயிலிருந்து, அந்த மண்டபத்தை நிறுத்தக்கூடிய ஒரே ஒரு வசனத்தை எடுத்தது யார்? உண்மையை நேராகச் சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. கதை தவறினபோது எல்லோரும் எழும்பினார்கள். இப்படிச் செய்ய எனக்கு மூளை காணாது. எனக்குப் பரீட்சை வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

என் வாழ்க்கை மாறியதா என்று கேட்பீர்கள். நக்கல் போகவில்லை. அதை எடுத்துவிடும் என்று ஆண்டவரிடம் நான் கேட்கவும் இல்லை. ஆனால் அம்மாவாணை என்று இப்போது சொல்வதில்லை. சொன்ன சொல்லை ஆட்கள் நம்பவேண்டும் என்ற பயம் வந்துவிட்டது. கனகாலத்துக்குப் பிறகு பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமியார் முழுவதையும் கேட்டுவிட்டுக் களைத்துப்போனார். காலையில் அண்ணைக்கு ஊசி போடும் நேரம் நான் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் நிற்பேன். இரண்டு பேருமாகச் செபம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறோம். அண்ணாவியாரும் ஒரு சட்டத்தை மாற்றினார். வருத்தக்காரர் யாராக இருந்தாலும், அண்ணாவியாருடைய கண்ணுக்கு முன்னால் இடியப்பம் சாப்பிட்டபிறகுதான் வேடம். ஆண்டவராய் வருகிறவர் என்றாலும் அப்படித்தான்.

இந்த வருசப் பாஸ்குவுக்கு ஒத்திகை தொடங்கியபோது அண்ணாவியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நிக்சன், இந்தமுறை உன்னை வலப்பக்கம் போடட்டோ?"

"வேண்டாம் அண்ணாவியார். யூட் அழுதுபோடுவான்."

"பகிடியை விட்டிட்டுச் சொல்லு."

"அந்தப் பக்கத்திலதான் அவர் என்னைக் கண்டவர். அங்கயே விடுங்கோ."

அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

உண்மையான அந்த இடப்பக்கக் கள்ளனுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கடைசி மூச்சில் என்ன நினைத்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. அவனுடைய தீர்ப்பு ஆண்டவரின் கையில். அதில் நான் வாய் வைக்கமாட்டேன். எனக்குத் தெரிந்தது என் கதை மட்டும். அந்த நடுச் சிலுவைக்காரருக்குத் தீர்க்கவும் அதிகாரம் உண்டு, மீட்கவும் அதிகாரம் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் அவர் எனக்குச் செய்தார்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, நான் கேட்டால் அவர் கேட்கமாட்டார், என் வாய்க்கு மரியாதை இல்லை, எனக்கு நேரம் பிந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருக்கலாம். கை கட்டுப்பட்டிருந்தால் பரவாயில்லை. வசனம் உங்களுடையது இல்லையென்றாலும் பரவாயில்லை. பக்கத்தில் திரும்பி அவரைக் கூப்பிடுங்கள். மனிதர் நம்பாத குரலையும் அவர் நம்புகிறார். அவருக்கே மகிமை.